வீதியை மூடுபவர்கள் திறக்கும் திகதியையும் எழுதட்டும்

இப்பத்தியை வாசிக்கும் வியாபார சகோதரர்கள் அண்மைக்காலமாக என்னைக் காணும்போதெல்லாம் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றனர். கடைக்கு முன்னால் வீதியைத் தகரம் அடித்து மறித்திருக்கிறார்கள், வியாபாரம் படுத்துவிட்டது, இப்படி மூட இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, சட்டத்தில் எமக்கு ஏதாவது இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டின் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்துவிட்டுப் போனதன் பின்னர் இக்கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. உடைந்த பாலத்தைக் கட்டாமல் இருக்க முடியாது. கட்டும்போது வீதியை மூடாமலும் இருக்க முடியாது. அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மூடுவதற்கான அதிகாரம் இருக்கிறது. அதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் ஆகியன தத்தமது எல்லைக்குள் உள்ள வீதிகளைச் சபைகளின் பொறுப்பில் விட்டிருக்கின்றன. திருத்த வேலைக்காகத் தற்காலிகமாக மறிப்பதும் அப்பொறுப்பில் அடங்கும். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அவற்றுக்கு 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க தேசிய பெருந்தெருக்கள் சட்டம் இருக்கிறது. சீ, டீ தர வீதிகளை மாகாண சபைகள் பார்க்கின்றன. இதற்குள் குழாய் பதிக்க நீர் வழங்கல் சபை வரும், கம்பி இழுக்க தொலைபேசிக்காரர் வருவார், போக்குவரத்தைத் திருப்பிவிடப் பொலிஸார் வருவார்கள்.

எம்மவர்களின் அலைச்சல் இங்கேதான் ஆரம்பமாகிறது. சபைக்குப் போனால் இது அதிகார சபையின் வீதி என்பார்கள். அதிகார சபைக்குப் போனால் தோண்டியது நீர் வழங்கல் சபை என்பார்கள். அங்கே போனால் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார்கள். ஒப்பந்தக்காரரின் ஆளோ, "சேர் வந்தால் கேட்டுப் பாருங்கள்" என்பார். அந்த சேர் எப்போதும் வேறு சைட்டில்தான் இருப்பார்! எனவே ஒரு முறைப்பாடு எழுதும் முன்னர் அந்த வீதி எந்தத் தரத்தைச் சேர்ந்தது, வேலையைக் கொடுத்தது யார் என்ற இரண்டையும் அறிந்துகொள்ளுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

என்னுடைய அபிப்பிராயம் இதுதான். வியாபாரியைக் கொல்வது திகதியில்லாத மூடல். மூன்று மாதம் வீதி மூடியிருக்கும் என்று முன்கூட்டியே சரியாகச் சொன்னால் நாம் சமாளித்துக்கொள்வோம். சரக்கு எடுப்பதைக் குறைப்போம், காசோலைத் திகதிகளைத் தள்ளிப் போடுவோம், சொந்தக்காரரிடம் வாடகை பேசுவோம், முடிந்தவர் பக்கத்துத் தெருவில் தற்காலிகமாக ஓர் இடம் பார்ப்பார். "இன்னும் இரண்டு கிழமை" என்று சொல்லிச் சொல்லி ஆறு மாதம் இழுத்தால் அந்த ஆறு மாதமும் முழுச் செலவோடுதான் கடை திறந்திருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு சிறிய கடையின் கணக்கை எடுப்போம். வாடகை 85,000 ரூபா. இரண்டு ஊழியர்களுக்குத் தலா 45,000 வீதம் 90,000. அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் சேர்த்து 13,500. மின்சாரம் 15,000. மொத்தம் 203,500 ரூபா. நாளாந்தம் 60,000 ரூபா விற்பனை, மாதம் 26 நாள், இலாபம் நூற்றுக்கு இருபது என்றால் கைக்கு வருவது 312,000. செலவு போக வீட்டுக்கு 108,500 மிஞ்சும். வீதி மூடி விற்பனை அரைவாசியானால் வருவது 156,000. இப்போது மாதம் 47,500 ரூபா முதலிலிருந்து போகிறது. வீட்டுச் செலவு வேறு. ஆறு மாதத்தில் 285,000 ரூபா முதல் கரைந்துவிடும். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 60 நாள் காசோலையும் இடையில் வந்து நிற்கும். காசோலை ஒருமுறை திரும்பினால் புறக்கோட்டையில் பெயர் போய்விடும். பணம் பிறகு வரும், பெயர் அவ்வளவு இலகுவில் வராது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை.

இந்த நட்டத்தை யார் தருவது? காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் (1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) உங்கள் காணியில் ஒரு பேர்ச்சை எடுத்தாலும் அதற்கு நட்டஈடு கேட்க வழியுண்டு. காணியைத் தொடாமல் வாசலை ஒரு வருடம் அடைத்து வைத்தால் கேட்கும் வழி மங்கலாகிவிடுகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் கடனில் நடக்கும் வேலைகளில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. அவ்வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கை தற்காலிக இழப்பையும் கணக்கில் எடுத்தது. குழாய் பதிக்கும் திட்டங்கள் சிலவற்றில் கடைக்காரரின் தற்காலிக வருமான இழப்புக்கெனத் தொகை ஒதுக்கி, முறைப்பாட்டுக் குழுவும் அமைப்பார்கள். ஆகவே வேலைக்கு யாருடைய பணம் வருகிறது என்று பாருங்கள். திட்டப் பலகையில் வெளிநாட்டு வங்கியின் சின்னம் இருந்தால், மீள்குடியேற்றத் திட்ட ஆவணத்தில் எமது தெருவுக்கு என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இன்னுமொரு விடயம் என்னை நீண்ட நாளாக உறுத்துகிறது. அரசாங்க ஒப்பந்தங்களில் வேலை முடிக்கும் திகதி ஒன்று இருக்கும். அது தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தக்காரர் இவ்வளவு தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அந்தப் பணம், அறவிடப்பட்டால், வேலையைக் கொடுத்த நிறுவனத்துக்கே போகிறது. தாமதத்தால் அந்த நிறுவனம் என்ன இழந்தது? தேநீர்க் கடைக்காரர் இழந்தார், பேக்கரிக்காரர் இழந்தார், நாட்டாமிமார் இழந்தார்கள். இக்கட்டணத்தில் ஒரு பங்கை வேலை நடந்த வீதியின் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வர்த்தகர் சங்கங்கள் கேட்க வேண்டும். அரசாங்கத்துக்குப் புதிதாக ஒரு சதமும் செலவில்லை. குறைந்தபட்சம் மூடியிருந்த காலத்துக்குரிய சோலைவரியையும் வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணத்தையும் சபை விட்டுக்கொடுக்கலாம்.

எமது ஊரில் நடந்ததையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் எமது கடைத்தெருவின் குறுக்கே பழைய மதகு ஒன்றை உடைத்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று கிழமை என்று சொன்னார்கள். பலகையில் "வேலை நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் இருந்தது. பெக்கோ இயந்திரம் ஒரு நாளில் தோண்டிவிட்டுப் போனது. பிறகு மழை, பிறகு கம்பி வரவில்லை, பிறகு பாஸ் வரவில்லை. ஐந்து மாதம் அந்தக் கிடங்கு அப்படியே இருந்தது. லொறி உள்ளே வர முடியாததால் சரக்கைச் சந்தியில் இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பொதிக்கும் இரட்டைக் கூலி. வயதான பெண்கள் வழமையாக வரும் கடைகளை விட்டுவிட்டு முச்சக்கரவண்டி நிற்கக்கூடிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் பலர் வீதி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. நட்டம் என்பது மூடிய நாட்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதை எந்த எந்திரியும் கணக்குப் பார்ப்பதில்லை.

அதே தெருவில் அடுத்த மதகு உடைக்கப்படவிருந்தபோது பள்ளிவாசல் நிர்வாகமும் கடைக்காரர்களும் சேர்ந்து முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தோம். வேலை செய்ய வேண்டாம் என்று எழுதவில்லை. அரைவாசி வீதியைத் தோண்டி முடித்துவிட்டு மற்ற அரைவாசியைத் தொடுங்கள், ஒவ்வொரு வாசலுக்கும் பலகைப் பாலம் போடுங்கள், ஜும்ஆ நேரத்தில் கொங்கிரீட் லொறியைக் கொண்டுவராதீர்கள், முடியும் திகதியைப் பலகையில் எழுதுங்கள் என்று கேட்டோம். அந்த இடத்திலேயே பலகை அடித்துக் கம்பி கட்டி வார்ப்பதற்குப் பதிலாக ஹியூம் குழாய் போட முடியுமா என்றும் ஒரு வரி சேர்த்தோம். குழாய் என்றால் நாட்கணக்கு, வார்ப்பு என்றால் கிழமைக்கணக்கு. ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் எவருக்கும் இது தெரியும். குழாயே போட்டார்கள். பதினெட்டு நாளில் வீதி திறந்தது.

நாம் கடிதத்தில் கெஞ்சிக் கேட்டதைச் சில நாடுகளில் சட்டமே சொல்கிறது. எமது நகராட்சிச் சட்டங்களின் அச்சு வெள்ளைக்காரனுடையது. அவன் தன் நாட்டில் செய்துவைத்திருப்பதைப் பாருங்கள். பிரித்தானியாவின 1984ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி வேலைக்காக வீதியை மூட உத்தரவு பிறப்பிக்கலாம். ஆனால் பொதுவாக அது 18 மாதத்துக்கு மேல் நிற்காது. அதைவிட நீண்ட வேலையாயின் அதை உத்தரவிலேயே சொல்ல வேண்டும், வேலை முடிந்தவுடன் உத்தரவை நீக்க வேண்டும். மூடுவதற்கு முன்னர் காரணம், மாற்று வழி, காலம் ஆகியவற்றை அறிவித்தலில் போட வேண்டும். வீதியோரக் கட்டடம் ஒன்றுக்குக் கால்நடையாகச் செல்லும் வழியை எந்த நேரத்திலும் அடைக்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அங்கும் வீதி வேலைக்காகக் கடைக்காரருக்குப் பணம் அள்ளிக் கொடுப்பதில்லை. எரிவாயு, நீர்க் குழாய் வேலைகளில் சிறு வியாபாரிகள் சில நிபந்தனைகளோடு நட்டஈடு கோரலாம், அவ்வளவுதான். என்றாலும் காலம் எழுத்தில் இருக்கிறது, நடைவழி சட்டத்தில் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோர்ஜ் வீதி வழியே இலகு ரயில் பாதை போட்டபோது வேலை சொன்ன காலத்தைத் தாண்டி இழுபட்டது. 2019 டிசம்பரில்தான் ரயில் ஓடியது. தோல் பொருட்கள் விற்கும் கடை உட்பட வியாபாரிகள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2023இல் முதல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 2024இல் மேன்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. விடயம் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. எனக்குப் பிடித்தது முதல் நீதிபதி பார்த்த பார்வை. நியாயமான காலத்துக்கு அயலவர் தொல்லையைப் பொறுக்கத்தான் வேண்டும், சொன்ன காலத்துக்கு அப்பாலும் இழுபட்டால் அது வேறு கதை. கடைக்காரனின் மனதில் இருப்பதும் இதுதான்.

மார்க்கமும் இதே தராசைத்தான் தருகிறது. ஃபிக்ஹின் பொது விதிகளில் பலரின் தீங்கைத் தடுக்கச் சிலரின் தீங்கைப் பொறுக்கலாம் என்று இருக்கிறது. வீதி மூடுவதற்கான நியாயம் அது. அதே விதிகளில் நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டுமே அனுமதி என்றும், நிர்ப்பந்தம் ஏற்பட்டது என்பதற்காக அடுத்தவரின் உரிமை இல்லாமல் போகாது என்றும் இருக்கிறது. எமது ஆலிம்கள் குத்பாவில் பாதையின் உரிமை பற்றிப் பேசும்போது இவற்றையும் விளக்கினால் நல்லது. பாதையின் உரிமை என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடைபாதையின் அரைவாசியைச் சாக்கு மூட்டைகளாலும் பொம்மைகளாலும் அடைத்து வைத்துக்கொண்டு, சபை தோண்டும்போது மட்டும் நடைவழி கேட்டால் அதிகாரி சிரிப்பார். சிரித்தும் இருக்கிறார்கள்.

பருவத்தைப் பற்றியும் பேச வேண்டும். நோன்பு வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே வருகிறது. 2026இல் நோன்புப் பெருநாள் மார்ச் பிற்பகுதியில் வர, சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் வந்தது. துணி, பாதணி, பாத்திர வியாபாரிகளுக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் வருடத்தின் முதுகெலும்பு. கொழும்பிலும் தென்மேற்கிலும் எந்திரிகள் வெயில் காலமென்று விரும்புவது ஜனவரி முதல் மார்ச் வரையான அதே மாதங்களை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, மழையில் காபட் போட முடியாது. கிழக்கில் கல்முனை, காத்தான்குடிப் பக்கம் மழை வருட இறுதியில் என்பதால் அங்கே கணக்கு வேறு. ஆகவே திகதி குறிக்கும் மேசையில் எந்திரியும் பொலிஸாரும் மட்டும் இருந்தால் போதாது. பெருநாளுக்கு முந்திய முப்பது நாளிலும் புத்தாண்டுக்கு முந்திய இருபது நாளிலும் கடைத்தெருவில் புதிதாகக் கிடங்கு தோண்டுவதில்லை என்று சபையில் ஒரு தீர்மானம் எடுக்கலாம். 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை, யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது கடை கடையாக ஏறியவர்கள்தாமே, நினைவூட்டுங்கள்.

சில தாமதங்களுக்கு ஒப்பந்தக்காரரும் பொறுப்பல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த பின்னர் தாரும் இல்லை, டீசலும் இல்லை, செய்த வேலைக்குப் பணமும் இல்லை. பாதி தோண்டிய வீதிகள் அப்படியே கிடந்தன. கொம்பனித்தெரு மேம்பால வேலை 2021இல் தொடங்கி அந்த நெருக்கடியைத் தாண்டி 2024இல்தான் திறக்கப்பட்டது. அதன் அடியில் கடை வைத்திருந்தவர்களைக் கேட்டால் அந்த மூன்று வருடக் கதை தெரியும். அப்படிப்பட்ட நேரத்திலும் கிடங்கை மூடி, கல் கொட்டி, வீதியைத் தற்காலிகமாகத் திறந்துவிடலாம். வேலை நின்றால் வீதி திறக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும்.

இனி, எமது கையில் ஏற்கனவே இருந்தும் நாம் பாவிக்காத ஓர் ஆயுதத்தைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. பத்திரிகைக்காரர்களுக்கான சட்டம் என்றே பலர் இதை நினைத்துக்கொண்டிருக்கின்றனர். ஒரு திட்டம் ஆரம்பிக்க மூன்று மாதத்துக்கு முன்னர் பொதுமக்களுக்கும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அது பற்றிய தகவலை அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அப்பிரிவு சொல்கிறது. அவசரத் திட்டமென்றாலும் ஒரு வாரம் முந்தி அறிவிக்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பிரஜை எழுத்தில் கேட்டால் புதிய நிலவரத்தையும் தர வேண்டும். திட்டம் என்பது எவ்வளவு பெரியது? உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது, வெளிநாட்டுப் பணத்தில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. இன்றைய சீமெந்து, கம்பி விலைக்கு ஐந்து இலட்சத்துக்குள் எந்த மதகைக் கட்ட முடியும்? ஆக, கடைத்தெருவை மூடும் வேலைகளில் அநேகமானவை இதற்குள் வருகின்றன. புயலுக்குப் பின்னரான திருத்த வேலைகளுக்கு அவசரம் என்ற பெயர் சூட்டப்படும். சூட்டட்டும், அந்த ஒரு வாரத்தையாவது நாம் விடக்கூடாது.

நீதிமன்ற வழியும் உண்டு. சட்டபூர்வமான தொழில், வியாபாரம் செய்யும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14(1)(எ) உறுப்புரையில் இருக்கிறது. அது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சபையின் முடிவை எதிர்த்துப் பேராணை கேட்கவும் வழியுண்டு. ஆனால் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தையும், வழக்கு முடியுமுன் வீதியே திறந்துவிடும் என்பதையும் யோசித்தால், சிறிய கடைக்காரருக்குக் கடிதமே முதல் வழி என்பேன்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஒப்பந்தத்தின் ஆரம்பத் திகதி, முடிவுத் திகதி, கால நீடிப்பு ஏதும் கொடுக்கப்பட்டதா, தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு எவ்வளவு, அது அறவிடப்பட்டதா, வீதி மூடுவதற்கான அனுமதியின் பிரதி, மாற்று வழித் திட்டம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பத்துக் கடைக்காரர் பத்துக் கடிதம் கொடுப்பது நல்லது. ஒரே கடிதத்தில் பத்துப் பேர் கையொப்பமிட்டால் அது மகஜராகக் கோப்புக்குள் தூங்கிவிடும்.

நட்டத்தை நிரூபிக்க வேண்டிய நாள் வந்தால் வாய்க்கணக்கு செல்லாது. மூடுவதற்கு முந்திய வருடத்தின் அதே மாதங்களின் பில் புத்தகங்களையும் வங்கிக் கூற்றுகளையும் எறிந்துவிடாமல் வையுங்கள். இப்போது எல்லோருடைய கையிலும் கமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரே இடத்தில் நின்று கிடங்கையும் பலகையையும் ஒரு படம் எடுங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பில் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.